‘உரித்தல்’ வேண்டாம், ‘மீள்கரைப்பு’ என்போம்: கன உலோக அளவீட்டுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். குடிநீரில் ஈயமும் காட்மியமும் சுவட்டளவில் கலந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும் ‘அனோடிக் ஸ்ட்ரிப்பிங் வோல்ட்டாமெட்ரி’ முறையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். மூத்த பேராசிரியர் ஐயா ‘நேர்மின்முனை உரித்தல் மின்னழுத்த அளவியல்’ என்று எழுதினார். ‘ஸ்ட்ரிப்பிங்’ என்பதற்கு வேறு இருவர் ‘களைதல்’, ‘கழற்றல்’ என்றார்கள். ஐயா பொறுத்தருள வேண்டும். அவர் தந்த தொடரின் மூன்று உறுப்புகளுமே இடறுகின்றன என்று எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்வதற்கு முன், மேசைமேல் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மின்முனை (எலக்ட்ரோடு), 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக்கரி வட்டு. ஈரத்துணியில் அலுமினாப் பொடியைக் குழைத்து, அதன்மேல் எட்டுப் போட்டுத் தேய்த்து, முகம் தெரியும்வரை மெருகேற்றுவோம். பிறகு காடி வாடை வீசும் அசிடேட் தாங்கல் கரைசலில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்), பிஎச் 4.5 அளவில், அதை இறக்குவோம். சோதிக்க வேண்டிய நீரோடு பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பும் துளியளவு அதில் இருக்கும். வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையோடு ஒப்பிட்டு −1.2 வோல்ட் கொடுத்து, கலக்கியபடியே இரண்டு நிமிடம் விடுவோம். அயனிகளாகத் திரிந்த ஈயமும் காட்மியமும் எலக்ட்ரான் பெற்று, பிஸ்மத்தோடு சேர்ந்து கரியின்மேல் மெல்லிய படலமாகப் படியும். கலக்குவதை நிறுத்திச் சில வினாடி பொறுப்போம். அதன்பின் மின்னழுத்தத்தை நேர்த்திசையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். −0.8 வோல்ட்டை ஒட்டிக் காட்மியம் கரையும். திரையில் மின்னோட்டத்தின் முகடு ஒன்று எழும். −0.55 வோல்ட் அருகே ஈயம் கரையும். அங்கே இன்னொரு முகடு. கடைசியில் பிஸ்மத்தும் கரைந்துபோக, கரி பழையபடி வெறுமையாக நிற்கும்.

இதில் எங்கே இருக்கிறது உரித்தல்? வாழைப்பழத் தோலை உரிக்கிறோம், தேங்காயை உரிக்கிறோம். உரிந்தது உரிந்த உருவிலேயே கையில் நிற்கிறது. இங்கே படலம் ஏடாகக் கழன்று வருவதில்லை. அணு அணுவாக அயனியாகி நீருக்குள் போய்விடுகிறது, அதுவும் ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய மின்னழுத்தத்தில். ‘களைதல்’ என்றால் வேண்டாததைப் பிடுங்கி எறிவது. நாங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பதோ அந்த ஈயத்துக்காகத்தான். ‘கழற்றல்’ திருகாணிக்கு உரியது. நடப்பது கரைதல்; ஏற்கெனவே கரைந்திருந்தது படிந்து, மறுபடியும் கரைகிறது. ஆகவே மீள்கரைப்பு என்கிறேன்.

ஆங்கிலம் ‘ஸ்ட்ரிப்’ என்றதால் நாமும் அதையே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இதே முறையை ‘மறுகரைதல்’ என்ற பொருள்படத்தான் சொல்கிறார்கள். ஜெர்மானியர் ‘தலைகீழ்’ என்ற பொருளில் வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அவரவர் கண்ணுக்குப் பட்டதை அவரவர் பெயராக்கியிருக்கிறார்கள்.

இனி ‘நேர்மின்முனை’. இருப்பது ஒரே கரிமுனை. படியும்போது அதுவே எதிர்மின்முனை, கரையும்போது அதுவே நேர்மின்முனை. ‘அனோடிக்’ என்பது இங்கே வினையின் திசையைக் குறிக்கிறது, பொருளை அல்ல. எலக்ட்ரானை இழப்பதைத்தான் வேதியியலில் ஆக்சிஜனேற்றம் என்கிறோம். ஆகவே ‘ஆக்சிஜனேற்ற மீள்கரைப்பு’ என்றால் குழப்பம் தீரும். ‘மின்னழுத்த அளவியல்’ இன்னும் மோசம். நாம் செலுத்துவது மின்னழுத்தம், அளப்பது மின்னோட்டம். மின்னழுத்தத்தையே அளக்கும் முறை தனியாக ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரை இதற்குக் கொடுத்துவிட்டால் மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். வோல்ட்டும் ஆம்பியரும் மனிதர் பெயர் வழி வந்தவை, தமிழில் நிலைத்தும்விட்டன. ‘வோல்ட்டாம்பியரளவியல்’ என்று கூசாமல் எழுதலாம். முழுப்பெயர் நீளம்தான், முதல்முறை முழுதாகச் சொல்லிவிட்டு அப்புறம் ‘மீள்கரைப்பளவியல்’ என்று சுருக்கலாம்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். நிக்கலையும் கோபால்ட்டையும் அளக்கும் பரப்புக்கவர்தல் முறையில் மின்முனைமேல் சேர்வது உலோகம் அல்ல, அதன் அணைவுச் சேர்மம். அங்கே ‘மீள்கரைப்பு’ இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது. அதற்கு வேறு சொல் தேட வேண்டியதுதான்.

இன்னொரு சொல்லைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். சூழலைக் கெடுக்காத மின்முனைகளைப் ‘பசுமை மின்முனை’ என்று பலரும் எழுதத் தொடங்கிவிட்டோம். 1922இல் பிராகாவில் செக் வேதியியலாளர் ஹைரோவ்ஸ்கி சொட்டும் பாதரசத்தை மின்முனையாக்கியதிலிருந்து இத்துறை பாதரசத்தை நம்பியே வளர்ந்தது. அவருக்கு 1959இல் நோபல் பரிசும் கிடைத்தது. பாதரசத்தின்மேல் ஹைட்ரஜன் எளிதில் குமிழிடாது, உலோகங்கள் அதில் இரசக்கலவையாகக் கரைந்து சேரும், ஒவ்வொரு சொட்டும் புதுப்பரப்பு. ஆனால் பாதரச நஞ்சால் பாதிக்கப்பட்ட ஜப்பானின் மினமாட்டாவையும், பாதரச மாசுக்குப் பெயர்போன கொடைக்கானல் வெப்பமானி ஆலையையும் அறிந்த நமக்கு, பாதரசத்தை ஏன் கைவிட வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. நஞ்சைத் தேடப் போகிறவர் நஞ்சையே எடுத்துப் போகக் கூடாது. 2000ஆம் ஆண்டில் வேதியியலாளர் ஜோசப் வாங்கும் உடன் ஆய்ந்தோரும் பிஸ்மத் படலம் அந்த வேலையைச் செய்யும் என்று காட்டினார்கள். பிஸ்மத்தும் ஈயத்தோடும் காட்மியத்தோடும் எளிதில் உலோகக்கலவையாகும். அதன் சேர்மங்கள் வயிற்றுக்கோளாறு மருந்துகளிலேயே இருக்கின்றன.

ஆனாலும் அதைப் ‘பசுமை’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகில் கிடைக்கும் பிஸ்மத்தில் பெரும்பகுதி ஈயத்தை உருக்கிப் பிரிக்கும்போது துணைப்பொருளாக வருவது. பின்னால் வந்த ஆன்டிமனிப் படலமும் தீங்கற்றதல்ல. இவற்றுக்குப் பொதுவான நல்ல குணம் ஒன்றுதான்: பாதரசம் இல்லை. ஆகவே பாதரசமில் மின்முனை. வாழைத்தண்டுக் கரியில் ஒருவர் மின்முனை செய்தால் அதற்குத் ‘தாவரக்கரி மின்முனை’ என்ற பெயர் போதும். இல்லாத பெருமையைக் கலைச்சொல் ஏற்றிச் சொல்லக் கூடாது.

மின்முனைக்கு இலங்கையில் வழங்கும் ‘மின்வாய்’ என்பதை இலங்கை நண்பர் நினைவூட்டினார். தட்டையான வட்டுக்கு ‘முனை’ பொருந்தவில்லை என்ற அவர் வாதம் நியாயமானது. இங்கே பள்ளிப் பாடநூலில் மின்முனை வேரூன்றிவிட்டதால் அதை வைத்துக்கொண்டு, சொற்பட்டியலில் மின்வாயையும் அருகிலேயே தருவோம்.

இந்த முறையின் அருமை தெரியாதவர்களுக்காக ஒரு கணக்கு: உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் ஈயத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், காட்மியத்துக்கு 3. அதாவது மொட்டைமாடியின் ஆயிரம் லிட்டர் தொட்டி முழுவதிலும் 10 மில்லிகிராம் ஈயம், சில கடுகுகளின் எடை. அதையும் கண்டுபிடித்துவிடுகிறது அந்தக் கறுப்பு வட்டு.

என் மாணவியின் ஆய்வேட்டுச் சுருக்கம் அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பாதரசமில் மின்முனையில் ஆக்சிஜனேற்ற மீள்கரைப்பு’ என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். மறுப்போ மாற்றுச் சொல்லோ இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள். ஐயாவின் பதிலுக்குத்தான் முதலில் காத்திருப்பேன்.