இலியத்தில் இல்லாத காட்சி சாடியில் வந்தது எப்படி?

கேள்வி:
வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ள, பண்டைய ஏதென்சின் பானை ஓவியர் எக்சேக்கியாஸ் கையொப்பமிட்ட இருகைப்பிடிச் சாடியில், திராய்ப் போரின் கிரேக்க வீரர்களான அக்கிலீசும் அயாக்சும் போர்க்கவசத்துடன் அமர்ந்து காய் ஆட்டம் ஆடுகிறார்கள். கி.மு. 540–530 அளவில் தீட்டப்பட்ட இக்காட்சியை அப்போரைப் பாடும் ஓமரின் இலியத் காவியத்தில் தேடினேன், எங்கும் இல்லை. ஓவியர் இதை எங்கிருந்து எடுத்திருப்பார்?

மறுமொழி 1:
திராய்ப் போரைப் பாடிய காவியங்கள் இலியத்தோடு முடிந்துவிடவில்லை. மற்றவற்றுள் பல அழிந்து, சுருக்கங்களும் சில வரிகளுமே எஞ்சியுள்ளன. ஆனால் அவற்றிலும் இந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சு இல்லை என்பதால், இது ஓவியரின் சொந்தக் கற்பனையாக இருக்கலாம் என்றே நான் கருதுகிறேன். பானை ஓவியர்கள் ஏட்டைப் படியெடுத்தவர்கள் அல்லர். ஊரறிந்த கதையைத் தம் போக்கில் சொன்னவர்கள்.

மறுமொழி 2:
இருவரின் வாயருகே உள்ள எழுத்துகளைக் கவனியுங்கள். அக்கிலீஸ் ‘நான்கு’ என்கிறான், அயாக்ஸ் ‘மூன்று’ என்கிறான். ஆட்டத்தில் தோற்கும் அயாக்ஸ், பின்னாளில், இறந்துபோன அக்கிலீசின் கவசத்துக்கான போட்டியிலும் தோற்றுத் தன்னையே மாய்த்துக்கொள்வான் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும். அந்தத் தற்கொலைக்கு அவன் வாளை மண்ணில் நடும் கணத்தையும் இதே ஓவியர் வேறொரு சாடியில் தீட்டியிருக்கிறார். அது பிரான்சின் பூலோன்-சுர்-மேர் நகரில் உள்ளது.

கேட்டவர்:
நன்றி. மேலாடைகளில் உள்ள மயிரிழைக் கோடுகளும் தூரிகையால் வரைந்தவையா?

மறுமொழி 2:
இல்லை. கரிய உருவத்தின் மேல் கூர்முனையால் கீறியவை. உருவத்தைச் செந்நிறமாக விட்டுப் பின்புலத்தைக் கறுப்பாக்கும் முறை ஏதென்சில் கி.மு. 530–520 அளவில் தோன்றிய பிறகே, உட்கோடுகளைத் தூரிகையால் இழுக்கும் வழக்கம் மேலோங்கியது.