நச்சுப்படர்கொடிக் கட்டுரை: ‘சார்பெதிரியாக்கி’யா, ‘சார்புத்தூண்டி’யா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நச்சுப்படர்கொடி (poison ivy) பற்றிய நம் கட்டுரையில் வரும் ‘ஹப்டென்’ (hapten: புரதத்தோடு பிணைந்தால் மட்டுமே உடலின் எதிர்ப்பைத் தூண்டும் சிறு மூலக்கூறு) என்பதற்கு நண்பர் முன்வைத்த ‘சார்பெதிரியாக்கி’ என்ற சொல்லின் முற்பாதியை முழுமனதாக ஏற்கிறேன். பிற்பாதியை ஏற்க இயலவில்லை.

அந்த வட அமெரிக்கக் கொடியின் பாலிலுள்ள உருஷியோல் மிகச் சிறிய மூலக்கூறு. தனித்து நின்று எதிர்ப்பைக் கிளப்ப வல்லதன்று. தோலுக்குள் ஊறி, ஒட்சியேற்றமடைந்து, அங்குள்ள புரதத்தோடு பிணைந்த பின்னரே நிர்ப்பீடனத் தொகுதி (உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு) அதனை அந்நியமென இனங்காண்கிறது. குற்றியலுகரம் வல்லின மெய்யின்மேல் ஏறியே ஒலிப்பது போன்றது இது. சார்பெழுத்தைக் கற்ற மாணவருக்குச் ‘சார்பு’ என்ற அடை உடனே விளங்கும். 1921இல் நிர்ப்பீடனவியலாளர் கார்ல் லான்ட்ஸ்டைனர் ஆக்கிய ‘ஹப்டென்’ என்ற மூலச்சொல் பற்றுதல் என்னும் பொருளுடைய கிரேக்க வேரிலிருந்து வந்தது. ஆயினும் அதனைப் ‘பற்றி’ எனத் தமிழாக்கினால் வாக்கியத்தில் மயக்கம் வரும்.

சிக்கல் ‘எதிரியாக்கி’யில் உள்ளது. நம் பாடநூல் வழக்கில் அது பிறபொருளெதிரியை (antibody) ஆக்குவதையே குறிக்கும். அக்கொடி பட்டு எழும் தோலழற்சியை நடத்துபவையோ ரி நிணநீர்க்குழியங்கள் (T lymphocytes) என்னும் வெண்குருதிக் கலங்கள். 1942இல் லான்ட்ஸ்டைனரும் அவருடைய உடனாய்வாளர் சேசும் தொடுகை ஒவ்வாமையை ஒரு கினிப்பன்றியிலிருந்து இன்னொன்றுக்குக் கலங்களை (உயிரணுக்களை)ச் செலுத்தி மாற்றிக் காட்டினர். பிறபொருளெதிரிகள் இருக்கும் குருதி நீர்ப்பாயத்தைச் (serum) செலுத்தியபோது அது மாறவில்லை. இவ்வளவு தெளிவான வேறுபாட்டை நம் சொல்லே மறைத்துவிடக் கூடாது.

கறுத்தக்கொழும்பான் மாங்காய் ஆயும்போது காம்பிலிருந்து தெறிக்கும் பாலிலும் உருஷியோலுக்கு உறவான பொருள்கள் உள்ளன. மாவும் அக்கொடியும் ஒரே தாவரக் குடும்பம். சென்ற ஆண்டு என் பெறாமகனின் மணிக்கட்டில் பால் வழிந்தது. அன்று தோலில் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் காலையில், பால் வழிந்த அதே கோட்டில், சிறு கொப்புளங்கள் நிரையாக எழுந்திருந்தன. ‘மாம்பால் சுட்டுப்போட்டுது’ என்றார் அம்மா. சுட்டிருந்தால் அப்போதே எரிந்திருக்கும்; இத்தாமதம், முன்னொரு தொடுகையில் பழக்கப்பட்ட ரி நிணநீர்க்குழியங்கள் அவ்விடத்தில் வந்து திரள எடுத்த காலம்.

ஆகவே ‘சார்புத்தூண்டி’ என்பதை முன்மொழிகிறேன். புரதத்தோடு பிணைந்து பிறபொருளெதிரிகளையும் எழுப்பக்கூடிய பெனிசிலினுக்கும் இச்சொல் பொருந்தும். எந்த எதிர்ப்பு வழியையும் அது முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. கட்டுரைத் தலைப்பிலுள்ள ‘நச்சுத் தோலழற்சி’யையும் ‘தொடுகை ஒவ்வாமைத் தோலழற்சி’ என மாற்ற வேண்டுகிறேன். கொடியின் பெயரில் நஞ்சு இருப்பினும், அங்கே தோற்கலங்களைத் தாக்குவது நம் நிர்ப்பீடனத் தொகுதியே.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து