நீலகிரிச் சதுப்பில் பூச்சி தின்னும் அழுகண்ணிச் செடியைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கோவையிலிருந்து:

நான் பார்த்தது அவலாஞ்சிப் பக்கம், ஆகஸ்ட் மழை சற்று விட்டிருந்த ஒரு முற்பகலில். புல் சரிவு முடிந்து பள்ளம் தொடங்கும் இடம். கால் வைத்தால் கறுப்பு மண் அமுங்கி, தண்ணீர் பொங்கி வருகிறது. அங்கே சாண் உயரத்தில் மெலிந்த தண்டு, அதில் பிறை வடிவக் குட்டி இலைகள். இலை முழுக்கச் சிவந்த மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி. வெயில் ஏறிப் புல்லில் பனி உலர்ந்த பிறகும் இந்தத் துளி உலரவில்லை. அது பசை. உச்சியில் வெள்ளைப் பூ, ஐந்து இதழ்.

கூட வந்தவர்கள் பூவைப் படமெடுத்தார்கள். எனக்கு இலையை விட்டு நகர மனமில்லை. சின்ன ஈ ஒன்று ஒட்டித் துடித்தது. பக்கத்து மயிர்கள் அசைவது கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெதுவாக அதன் மேல் கவிந்தன. சதுப்பில் செத்த புல் முழுசாக மட்குவதில்லை, அதனால் மண்ணில் தழைச்சத்து மிகக் குறைவு. அந்தக் குறையைப் பூச்சியை வைத்து ஈடுகட்டுகிறது இந்தச் செடி. மட்காமல் சேர்ந்த அந்தக் கரிமண்ணை ஆராய்ந்துதான் 1993இல் சூழலியல் ஆய்வாளர் ராமன் சுகுமார் குழுவினர் 20,000 ஆண்டு மழையையும் வறட்சியையும் படித்துச் சொன்னார்கள். அப்படிப்பட்ட மண்ணின் மேல் நிற்கிறோம் என்று தெரிந்தபோது அடுத்த அடி வைக்கவே தயங்கினேன்.

கோத்தகிரியிலிருந்து:

அண்ணா, படித்ததும் சந்தோஷம், கூடவே வருத்தம். எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த பள்ளத்திலும் இது பூத்தது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து காரட் போட்டார்கள். இப்போது ஒன்றுகூட இல்லை. ஒரு விஷயம் எல்லோரும் கவனிக்க வேண்டும். வறண்ட மாதங்களில் மேலே எதுவும் இருக்காது, மண்ணுக்குள் சின்னக் கிழங்காக உறங்கும். பிப்ரவரியில் வந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் பள்ளம்தான். அதை நம்பி "இங்கே ஒன்றுமில்லை" என்று முடிவெடுக்கிறார்கள். தோடர்கள் கோயில் வேயும் புல்லும் இப்படிப்பட்ட சதுப்பில்தான் வளர்கிறது. அதுவும் அரிதாகிவிட்டது என்கிறார்கள்.

விழுப்புரத்திலிருந்து:

மலைக்குப் போக முடியாதவர்களுக்கு: சமவெளியிலும் இதன் உறவுச் செடி உண்டு. மழைக்குப் பின் ஈரம் காயாத செம்மண் திட்டில், தரையோடு ஒட்டிய சிவப்பு வட்டமாகத் தெரியும். சட்டைப் பொத்தான் அளவுதான், குனிந்து தேட வேண்டும்.

கோத்தகிரியிலிருந்து:

தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்டவருக்கு: தயவுசெய்து தோண்டாதீர்கள். உரம் போட்ட தோட்ட மண்ணில் இது செத்துப்போகும். ஜூலை, ஆகஸ்டில் வாருங்கள், இன்னும் மிச்சமிருக்கும் ஓரிரு பள்ளங்களை நான் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.