புளூவாட்டுக்குத் தமிழ்ச்சொல்: "ஒட்டு" வேண்டாமே

> புளூவாட், ஏப்ரியம் இரண்டையும் "ஒட்டுப் பிளம்ஸ்" என்று சொல்லலாமா? விதைக்கடையில் வீரிய ஒட்டு ரகம் என்கிறார்களே?

வணக்கம் ஐயா.

விதைக்கடையில் சொல்வது சரிதான். மக்காச்சோளப் பாக்கெட்டில் வீரிய ஒட்டு என்று போட்டிருந்தால் அது கலப்பினம். ஆனால் நாற்றுப்பண்ணையில் ஒட்டுமாங்கன்று என்றால் வேர்ச்செடியின் மேல் வேறொரு மரத்துக் குச்சியை வைத்துக் கட்டியது. புளூவாட்டில் இரண்டுமே உண்டு, அதுதான் வம்பு. பிளம்ஸும் பாதாமியும் (ஆப்ரிகாட்) மகரந்தத்தில் கலந்து பிறந்த மரம் அது, ஏப்ரியமும் அப்படித்தான். கொட்டையை ஊன்றினால் அதே பழம் வராது. ஆகவே நாம் வாங்குவதெல்லாம் ஒட்டுக்கட்டிய கன்றுதான். "ஒட்டுப் பிளம்ஸ்" என்றால் இதில் எதைச் சொல்கிறோம்?

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். சான் ஓசேயில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஃபிளேவர் கிங் என்ற ரகப் புளூவாட் மரம் ஒன்று நிற்கிறது. ஒட்டுக்குக் கீழே கிளம்பிய துளிரை, மரம் நன்றாகச் செழிக்கிறது என்று நினைத்து விட்டுவைத்தேன். அது நெடுநெடுவென்று வளர்ந்து, வெள்ளையாகப் பூத்து, கோலிக்குண்டு அளவில் ஒரு பழம் காய்த்தது. வாயில் வைத்தால் பல் கூசும் புளிப்பு! கலப்பு மரத்தின் பழமே இல்லை, வேர்ச்செடியின் பழம். மேல் மரம் கலப்பு, கீழ் மரம் வேறு, நடுவே புடைத்திருக்கும் கணு ஒட்டு. மூன்றுக்கும் மூன்று சொல் வேண்டும். கலப்பு, வேர்ச்செடி, ஒட்டு என்று ஏற்கெனவே இருப்பதைக் குழப்பாமல் விட்டாலே போதும்.

சரி, பழத்துக்கு என்ன பெயர்? "மயக்கக்கனி" என்று முதலில் யோசித்தேன். திணைமயக்கம் என்று சொல்கிறோமே, அந்த மயக்கம், கலப்பு. வீட்டில் சொன்னதும் சிரித்துவிட்டார்கள்; ஒரு பழம் தின்றால் எத்தனை மணி நேரம் தூக்கம் வரும் என்று கேட்டார்கள். விட்டுவிட்டேன்.

இப்போது என் முன்மொழிவு: புளூவாட்டுக்குப் பாதாமிப்பிளம், ஏப்ரியத்துக்குப் பிளம்பாதாமி.

பார்த்தால் ஒன்றையே திருப்பிப் போட்டதுபோல் இருக்கும். ஆனால் மாங்காய் இஞ்சி என்றால் யாரும் மாங்காயைத் தேட மாட்டார்கள், எலுமிச்சம்புல் புல்தான். பின்னால் வரும் சொல்தான் ஆள், முன்னால் வருவது சாயல். கலிபோர்னியாவின் மொடஸ்டோவில் ஃபிளாய்ட் சைகர் உருவாக்கிய புளூவாட் பிளம்ஸ் பக்கம் சாய்ந்தது. தோல் வழவழப்பு, உள்ளே சாறு. ஏப்ரியம் பாதாமிப் பக்கம். தோலில் லேசாகப் பூனைமயிர் தட்டும். அந்தச் சாய்வைச் சொல்வரிசையே காட்டிவிடுகிறது, தனியாக விளக்க வேண்டாம்.

இவற்றுக்கு முன்பே லூதர் பர்பாங்க் என்ற அமெரிக்கத் தாவர வளர்ப்பாளர் செய்த பிளம்காட், பிளம்ஸும் பாதாமியும் நேர்பாதிக் கலப்பு. தொகைப்பொருள், அதாவது கூட்டுச்சொல்லின் பொருள், முன்மொழியிலும் (முதல் சொல்லிலும்) நிற்கும், பின்மொழியிலும் நிற்கும், எல்லா மொழியிலும் சேர்ந்தும் நிற்கும் என்கிறது நன்னூல். பிளம்காட்டுக்கு அப்படிச் சேர்ந்து நிற்கும் வகையில் ஒரு சொல் யாராவது சொல்லுங்கள், எனக்கு அகப்படவில்லை.

இரண்டு ஆட்சேபங்கள் வரும். பாதாமி என்றால் பாதாம்பருப்பு என்று நினைப்பார்களே? நினைக்கட்டும், இரண்டும் ஒரே பேரினம்தான். பிளம் தமிழா? கொடைக்கானல் சாலையோரத்தில் கூடை வைத்து விற்பவர்கள் பிளம்ஸ் என்றுதான் கூவுகிறார்கள். அதை மாற்றப் போவதில்லை. தொகையில் மட்டும் அந்த 'ஸ்' உதிரட்டும்.

அப்புறம், நீங்கள் தனியாகக் கேட்டிருந்தது: ஃபிளேவர் கிங் ஒன்றை மட்டும் நட்டால் காய்க்காது. அதே சமயத்தில் பூக்கும் வேறு பிளம்ஸ் பக்கத்தில் வேண்டும். என்னிடம் இருப்பது சாந்தா ரோசா என்ற பிளம்ஸ், அதுவும் பர்பாங்க் 1906இல் வெளியிட்டதுதான். இப்படித் துணை நிற்கும் மரத்தை இங்கே சிலர் "ஆண்மரம்" என்கிறார்கள். அது தப்பு, அதன் பூவிலும் சூலகம் இருக்கிறது, அதுவும் காய்க்கிறது. "மகரந்தத்துணை" எப்படி?