புதுப்பிப்பு: வராத மிக்ஸிக்குப் பணம் திரும்பக் கிடைத்துவிட்டது

அம்மாவுக்கு ஆன்லைனில் வாங்கிய மிக்ஸி வந்து சேராமலே ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று காட்டியதையும், விற்றவர் கூரியரைக் கைகாட்ட, கூரியர்காரர் விற்றவரைக் கைகாட்டியதையும் முன்பு எழுதியிருந்தேன். முழுப் பணமும் நேற்று கணக்கில் ஏறிவிட்டது.

கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, அந்தத் தளத்தில் பெயர் போட்டிருக்கும் குறைதீர்ப்பு அலுவலருக்கு ஆர்டர் எண், பணம் கட்டிய ரசீது எல்லாம் இணைத்து மெயில் போட்டு டெலிவரி சான்று கேட்டேன். 2020 மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்தும் வைக்க வேண்டும். வந்த போட்டோவில் பச்சை இரும்பு கேட், பக்கத்தில் துளசி மாடம். நாங்கள் இருப்பதோ இரண்டாம் மாடி, வாசலில் கேட்டே கிடையாது! கையெழுத்து என்று காட்டியது வெறும் ஒரு கோடு.

இவ்வளவு சொல்லியும் ‘விசாரிக்கிறோம்’ என்றே இழுத்தடித்தார்கள், எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்து, தமிழிலேயே பேசிப் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகுதான் நிறுவனத்திலிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள்.

இதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இதே சிக்கலில் இருப்பவர்கள் டிராக்கிங் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், சரியா? மிக்ஸியைக் கடைவீதியிலேயே வாங்கிவிட்டோம்.