கோயில் புதிர் விளையாட்டு: நிஜ கேம்பாய் ரோமா, கோடோவில் பழைய தோற்றமா?

வெண்கலமணி

களம் சோழர் காலத்துக் கற்றளி. கற்பனைக் கோயில்தான், கிழக்கு பார்த்தது. மேலிருந்து பார்க்கும் கோணம், 160×144 திரை, நான்கே சாயல், வசனம் முழுக்கத் தமிழ். 40 அறை, 12 பெரிய புதிர் என்பது திட்டம். குழுவில் இருவர்: ஒருவர் நிரல், ஒருவர் படம். இதை ஜிபி ஸ்டூடியோ (நிரல் எழுதாமலே கேம்பாய் விளையாட்டு செய்யும் கருவி) அல்லது ஜிபிடிகே (சி மொழியில் கேம்பாய் நிரல் எழுதும் கருவித்தொகுப்பு) கொண்டு, உண்மையான கேம்பாய் கையடக்கக் கருவியில் ஓடும் ரோமாகவே (விளையாட்டுக் கோப்பு) செய்வதா, கோடோ 4 விளையாட்டு என்ஜினில் செய்து தோற்றத்தை மட்டும் பழையதாக வைப்பதா? இரண்டு பக்கமும் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோடோவாசி

கோடோ. முதல் காரணம் தமிழ்.

ஜிபி ஸ்டூடியோவின் எழுத்துரு 8×8 கட்டம். ன-வுக்கு இரண்டு சுழி, ண-வுக்கு மூன்று. 8 பிக்சல் அகலத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஞ, ஐ, இ எல்லாம் கரிக்கட்டி ஆகிவிடும். கோடோ 4இல் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருப்பதால் "கொ", "கௌ" எல்லாம் சரியான இடத்தில் உடைந்து சேரும். கோடோ 3இல் இது கிடையாது, அதனால் பழைய பாடங்களைப் பார்த்துத் தொடங்க வேண்டாம். ஒரே எச்சரிக்கை: அளவைக் குறைக்க என்ஜினை நீங்களே கம்பைல் செய்தால் "ஃபால்பேக்" டெக்ஸ்ட் சர்வரை (எழுத்து வரையும் பகுதி) தேர்ந்தெடுக்காதீர்கள். கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும்.

கோடோவில் செய்யவேண்டிய அமைப்பு இவ்வளவுதான். வியூபோர்ட் 160×144, ஸ்ட்ரெச் மோடு வியூபோர்ட், ஆஸ்பெக்ட் கீப், ஸ்கேல் மோடு இன்டிஜர் (முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்கும்), டெக்ஸ்சர் ஃபில்டர் நியரஸ்ட். 1080 வரித் திரையில் 7 மடங்கு போகும். 1008 வரி படம், மேலும் கீழும் 36 வரி கறுப்பு. இன்டிஜரை விட்டுவிட்டால் 7.5 மடங்குக்கு இழுபட்டு ஒரு பிக்சல் 7 வரி, பக்கத்துப் பிக்சல் 8 வரி என்று வரும். தூண் வரிசை நகரும்போது அது நெளிவாகத் தெரியும். எழுத்துரு இம்போர்ட்டில் ஆன்டிஅலியாசிங், ஹின்டிங், சப்பிக்சல் மூன்றையும் அணைக்க வேண்டும். எந்த அளவில் வரைந்தீர்களோ அதே அளவில்தான் பயன்படுத்த வேண்டும். 16இல் வரைந்ததை 14இல் போட்டால் ஒரு கோடு தடிமன், ஒரு கோடு மெல்லிசு.

எட்டுபிட்

தமிழ் வராதுங்கறது ஜிபி ஸ்டூடியோவுக்குத்தான் பொருந்தும், கேம்பாய்க்கு இல்ல. ஜிபிடிகேல சி எழுதினா எழுத்து வரையுற வேலை நம்ம கையில இருக்கு.

கணக்கு பாருங்க. உயிர் 12, ஆய்தம் 1. பதினெட்டு மெய்க்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம்னு ஆறு ஆறு வடிவம், மொத்தம் 108. தனியா நிக்கிற குறி நாலு: கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரச் சங்கிலி. ஆக 125. கிரந்தத்தையும் சேத்தா 150 பக்கம். ஒவ்வொண்ணும் 16×16, பிக்சலுக்கு ஒரு பிட், அதாவது 32 பைட். மொத்தம் 4800 பைட். ரோமோட 16 கேபி வங்கி (மெமரிப் பகுதி) ஒண்ணுல மூணுல ஒரு பங்குகூட ஆகல.

"கொ"வை உடைக்கிற வேலையைக் கேம்பாய் செய்யவே வேணாம். வசனக் கோப்பை ஒரு பைத்தான் ஸ்கிரிப்டு முன்கூட்டியே "இடப்பக்கக் கொம்பு, க, கால்"னு எண் வரிசையா மாத்திட்டா போதும். ஓடும்போது எண்ணைப் படிச்சு, அந்த வடிவத்தோட அகலத்துக்கு ஏத்த மாதிரி பிட்டை நகர்த்தி டைல்ல (திரைப் படத்தோட 8×8 சதுரத் துண்டு) எழுதணும், அவ்வளவுதான். ஒரு எழுத்து அதிகபட்சம் 6 டைலைத் தொடும், 96 பைட். ஒரு பிரேம் வரைஞ்சு அடுத்ததுக்கு முன்னாடி வர திரை ஓய்வு நேரம் 10 வரி, அதுல பிரேமுக்கு ஒரு எழுத்து தாராளமா எழுதலாம். எழுத்து ஒண்ணொண்ணா விழுற அந்தப் பழைய உணர்வு தானா வந்துடும்.

தப்பு நடக்குற இடம் வேற. பின்னணிக்கு ஒரே நேரத்துல 256 தனி டைல்தான். வசனப் பெட்டி 18 டைல் அகலம், 16 பிக்சல் வரி ரெண்டு, ஆக 72 டைல். பெட்டியோட ஓரம் 9. மீதி 175தான் கோயில் படத்துக்கு. படம் போடுறவர்கிட்ட 175க்கு மேல இருக்குன்னு சொல்லி ஆரம்பிச்சா, நந்தி மண்டபத்துல வசனம் வரும்போது தூண் மேல எழுத்துக் குப்பை விழும்.

கோடோவாசி

அந்தக் கணக்கு சரி. அதன் விலையையும் சொல்லுங்கள். உள் அகலம் 144 பிக்சல், எழுத்து சராசரி 11 பிக்சல், வரிக்கு 12, 13 எழுத்து. "நந்தியின் வலப்புறம்" என்றவுடனே ஒரு வரி முடிந்துவிட்டது. புதிர் விளையாட்டில் துப்புதான் உயிர். இந்த இடத்தில் துப்பை எப்படிச் சொல்வது?

இன்னொன்று. பழைய சாம்பல் கேம்பாயில் பின்னணி டைலை இடவலமாகத் திருப்ப முடியாது, ஸ்பிரைட்டை (பின்னணி மேல் தனியாக நகரும் சிறு படம்) மட்டும்தான் முடியும். கோயிலோ முழுக்க முழுக்க இடவலச் சமச்சீர். 16×48 தூண் ஒன்றுக்கு 12 டைல். திருப்ப முடிந்தால் 6 போதும். வாசல், துவாரபாலகர், படிக்கட்டின் யாளிக் கைப்பிடி எல்லாம் இரட்டைச் செலவு. 175இல் இது தாங்காது.

2005இல் ஜப்பானில் வந்த லா-முலானா முதல் பதிப்பு எம்எஸ்எக்ஸ் கணினியின் நிறத்தையும் திரையையும் அப்படியே பின்பற்றியது. ஆனால் ஓடியது விண்டோஸில். இடிபாடுகளுக்குள் கல்வெட்டு படித்துப் புதிர் அவிழ்க்கும் விளையாட்டு அது. நிஜ எம்எஸ்எக்ஸில் ஓடவில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை.

எட்டுபிட்

வரிக்கு 12 எழுத்துங்கறது துப்புக்கு நல்லதுதான். கல்வெட்டு பாதி பேசும், மீதியை அறை பேசணும்.

தூண் விஷயம்: நாலு சாயல்ல கல்லுக்குக் கனம் வரணும்னா ஒளி ஒரு பக்கத்துல இருந்துதான் வரணும். இடது ஓரம் வெளிச்சம், வலது ஓரம் நிழல். அப்படி வரைஞ்ச தூணைத் திருப்பினா ஒளி எதிர்ப்பக்கம் போயிடும். அதனால திருப்புற வசதி இருந்தாலும் தூணுக்கு உதவாது. துவாரபாலகருக்கு உதவும், அதுக்குக் கேம்பாய் கலர் போதும். அதுல பின்னணி டைலைத் திருப்பலாம், வீடியோ மெமரியும் ரெண்டு மடங்கு.

வெண்கலமணி

உள்சுற்று இருட்டாக இருக்க வேண்டும், கையில் அகல் விளக்கு. இது எதில் எளிது?

எட்டுபிட்

சாம்பல் கேம்பாய்ல இருட்டு ஒரே பைட். பின்னணி நிறப் பலகை (எந்தச் சாயல் எப்படித் தெரியணும்னு சொல்ற பைட்) எண் 228ன்னா சாதாரணம். 249ன்னா ஒரு படி இருட்டு, 254ன்னா வெள்ளை மட்டும் மங்கலா தெரியும், 255ன்னா முழுக் கறுப்பு. ஸ்பிரைட்டுக்குப் பலகை தனி. அதனால ஆளும் சுடரும் பளிச்னு இருக்க, சுவர் மட்டும் கரையும். எண்ணெய் குறையக் குறைய எண்ணை மாத்தினா போதும்.

வட்டமா வெளிச்சம் வேணும்னா இது உதவாது, பலகை திரை முழுக்கப் பொருந்தும். வரிக்கு வரி மாத்தினா கிடைமட்டப் பட்டைதான் வரும். அதுக்கு வழி, அறை முழுக்க ஒரே கறுப்பு டைலை நிரப்பி, ஆளைச் சுத்தி 5×5ல நாலு மூலை போக 21 டைலை மட்டும் நிஜப் படத்துல இருந்து எழுதுறது. கூடுதல் டைல் செலவு ஒண்ணே ஒண்ணு.

விளக்கு வரிசையை ஸ்பிரைட்டா வைக்காதீங்க. ஒரு வரியில பத்து ஸ்பிரைட்தான். பதினோராவது சுடர் காணாமப் போகும். சுடர் பின்னணி டைலா இருக்கட்டும், அந்த ஒரு டைலோட 16 பைட்டை மாத்தி மாத்தி எழுதினா எல்லா விளக்கும் சேந்து அசையும்.

கோடோவாசி

கோடோவில் பாயிண்ட் லைட் 2டி ஒன்றை ஆளோடு சேர்த்தால் வட்டம் வந்துவிடும். ஆனால் அப்படியே விட்டால் நான்கு சாயல் நாற்பது ஆகிவிடும், பழைய தோற்றம் அங்கேயே செத்தது. கடைசியில் முழுத் திரைக்கும் ஒரு ஷேடர் (பிக்சல் நிறத்தை மாற்றும் சிறு நிரல்) போட்டு, 4×4 பேயர் கட்டத்தால் (இடைச் சாயலைப் புள்ளிகளாகப் பிரிக்கும் அட்டவணை) நான்கு சாயலுக்குத் திரும்ப இறக்க வேண்டும். பேயர் கட்டம் திரையோடு ஒட்டி நிற்கட்டும். அறையோடு நகர்ந்தால் புள்ளிகள் எறும்பு ஊர்வதுபோல் தெரியும்.

அதிட்டானம்

கருவி எதுவாகவும் இருக்கட்டும். புதிர்கள் கோயிலிலிருந்து பிறக்கவேண்டும் என்பதே என் வாதம். அம்பு எய்யும் சுவர், இடிந்து விழும் தரை, உருண்டு வரும் பாறை எல்லாம் எங்கிருந்தோ வந்த கல்லறைச் சங்கதிகள். கோயில் மக்கள் வந்துபோகக் கட்டிய இடம். அதன் ஒழுங்கே போதுமான பூட்டு.

கிழக்கு பார்த்த சோழர் கோயிலில் தெற்குக் கோட்டத்தில் (சுவர் மாடத்தில்) தட்சிணாமூர்த்தி, மேற்கில் பெரும்பாலும் லிங்கோத்பவர், வடக்கில் பிரம்மா. முன்மண்டபத்தில் தெற்கே பிள்ளையார், வடக்கே துர்க்கை. கருவறை நீர் வெளியேறும் கோமுகி வடக்கில், அதனருகே சண்டேசர். இருட்டில் திசை தெரியாதவருக்குக் கோமுகியின் நீர்ச் சத்தம் ஒன்றே வடக்கைக் காட்டிவிடும். திசைகாட்டிப் பொருள் எதற்கு?

தஞ்சைப் பெரிய கோயிலை ஒரு கணம் பாருங்கள். விமானத்தின் மேல்தள உட்சுற்றில் 108 கரண (நடன நிலை) சிற்பங்களுக்கு இடம் ஒதுக்கி, 81 மட்டும் செதுக்கப்பட்டு, 27 கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அந்த வெற்றுக் கல்லைவிட நல்ல புதிர்த் தொடக்கம் வேண்டுமா? அதே கோயிலின் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளை (கோயில் ஆடல் மகளிர்) பெயர் சொல்லி, எந்தத் தளிச்சேரி (அவர்கள் குடியிருப்பு), எந்தச் சிறகு (தெருப் பக்கம்), எத்தனையாவது வீடு என்று வரிசையாகச் சொல்கிறது. ஒருவருக்குப் பங்கு ஒன்று, நெல் 100 கலம். முகவரியை வைத்து வீடு தேடும் ஓர் அறைத்தொகுதியே இதிலிருந்து வரும்.

புதிர்வலை

அழகாக இருக்கிறது, ஆனால் விளையாடுபவர் பக்கம் நின்று மறுக்கிறேன். லிங்கோத்பவர் மேற்கில் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர் என்ன செய்வார்? வெளியே போய்த் தேடுவார், அல்லது எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பார். மூன்று கோட்டம், மூன்று சிலை என்றால் வாய்ப்பு ஆறுதான். இரண்டு நிமிடத்தில் குருட்டாம்போக்கில் திறந்துவிடும். ஐந்து என்றால் 120, அப்போதுதான் யோசிப்பார். அதிலும் ஒவ்வொன்றாகச் சரி, தவறு என்று சத்தம் கொடுத்தால் 120 பதினைந்தாகச் சுருங்கிவிடும். ஐந்தும் வைத்து மணி அடித்த பிறகே விடை சொல்ல வேண்டும்.

கோயில் அறிவைப் பூட்டாக வைப்பதானால் அதை விளையாட்டுக்குள்ளேயே கற்றுக்கொடுங்கள். முதலில் எல்லாம் இடத்தில் இருக்கும் சிறு கோயில் ஒன்றைச் சுற்றி வரச் செய்யுங்கள். பிறகு ஒன்று மட்டும் காலியாக இருக்கும் கோயில். மூன்றாவதாகத்தான் ஐந்தும் கலைந்த கோயில். அந்த மூன்றாவது மேற்கு பார்த்ததாக இருந்தால் எது மாறும், எது மாறாது என்று யோசிக்கச் சொல்லலாம்.

அதிட்டானம்

கற்றுக்கொடுப்பதில் எனக்கு மாறுபாடில்லை. மேற்கு பார்த்த கோயிலில் இடங்கள் ஊருக்கு ஊர் வேறுபடும், அதைப் பொதுவிதியாகப் புதிரில் வைக்காதீர்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூர்த்தங்களைக் காலால் தள்ளிக் கோட்டத்துக்குள் ஏற்றுவதுபோல் அசைவு வரைந்தால் பாதிப் பேர் அங்கேயே மூடிவிடுவார்கள். கோட்டங்கள் அப்படியே இருக்கட்டும், ஒவ்வொன்றின் முன்னும் உரிய விளக்கை வைப்பதே செயலாகட்டும். தர்க்கம் அதேதான்.

கல்வெட்டு எண்களைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் 27 என்பது ௨௰௭, 81 என்பது ௮௰௧, 108 என்பது ௱௮. சுழியம் இல்லை. எழுத்திலும் புள்ளி பெரும்பாலும் இராது, எகர ஏகாரத்துக்கு ஒரே கொம்பு. "மெலை வாசல" என்று பொறித்திருந்தால் அது மேலை வாசல், அதாவது மேற்கு வாசல்.

புதிர்வலை

எண் யோசனையை ஏற்கிறேன், வரிசை இப்படி இருந்தால். பன்னிரண்டு தூண் உள்ள அறையில் "தூண ௰௨" என்று பொறிப்பு. எண்ணிப் பார்த்தவுடன் ௰ என்ன என்று பிடிபடும். அடுத்த அறையில் 20 விளக்கு, "௨௰". பெருக்கலும் பிடிபடும். அதன்பிறகுதான் பூட்டுச் சக்கரம்.

சக்கரத்தில் ஒரு சிக்கல்: ௱௮ இரண்டு குறி, ௨௰௭ மூன்று குறி. மூன்று சக்கரம் வைத்தால் ஒன்றில் வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்தைச் சக்கரத்தின் தொடக்க நிலையாக வைக்காதீர்கள், இரண்டு குறி விடை என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

எட்டுபிட்

எழுத்துருவுல இன்னொண்ணு பாத்துக்கங்க. ௧, க ரெண்டும் ஒரே வடிவம். ௨-உ, ௭-எ, ௮-அ எல்லாமே அப்படித்தான். 16 பிக்சல்லயும் பிரிச்சுக் காட்ட முடியாது. கல்வெட்டுல வர எண்ணுக்குத் தனிச் சாயல் கொடுங்க, இல்லேன்னா "௨௰" "உய"ன்னு படிக்கப்படும்.

புதிர்வலை

தனிச் சாயல் கொடுத்தால் புதிரில் பாதி போய்விடும். முதல் இரண்டு அறையில் மட்டும் கொடுங்கள், பிறகு எடுத்துவிடுங்கள்.

கல் தள்ளும் அறைகளுக்கு ஒரு நிபந்தனை: ஒரு படி பின்னோக்கிப் போகும் வசதி கட்டாயம். கல் மூலையில் ஒட்டிக்கொண்டால் அந்த அறை செத்தது. ஆனால் செத்தது என்று தெரியாமலே பத்து நிமிடம் தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

எட்டுபிட்

அறையை விட்டு வெளியே போனா எல்லாம் பழைய இடத்துக்கு வரணும், அது போதும். பின்னோக்கு வசதி வந்தா யோசிக்காம தள்ளுவாங்க. முடியாதுன்னு சொல்லல, நகர்வுக்கு ஒரு பைட் போதும்: ரெண்டு பிட் திசை, ஒரு பிட் கல் நகர்ந்ததா இல்லையா. 256 பைட் வளையத்துல 256 நகர்வு. மெமரி 8 கேபி இருக்கு. எதிர்ப்பு மெமரிக்காக இல்ல, ஆட்டத்துக்காக.

புதிர்வலை

யோசிக்காமல் தள்ளுவதைத் தடுப்பது அறையின் அமைப்பு. தண்டனையை நம்பி அறையை வரையாதீர்கள். மூன்று கல், ஏழுக்கு ஏழு கட்டம், விடை முப்பது நகர்வுக்குள். இந்த அளவில் குருட்டுத் தள்ளல் விடையில் முடியாது, பின்னோக்கு வசதி இருந்தாலும். அறைக்கு வெளியே போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் கதவு அசைவு, திரை மங்கல், இசை மறுதொடக்கம் என்று நேரம் போகும். சோர்ந்துபோனவர் கல்வெட்டை நின்று படிக்க மாட்டார்.

வெண்கலமணி

அப்படியானால் நந்தி மண்டபம், உள்சுற்று, ௰௨ தூண் அறை மூன்றையும் முதலில் ஜிபிடிகேவில் கேம்பாய் கலருக்குச் செய்து பார்க்கிறோம், 175 டைல் கணக்கோடு. வசனங்களை 12 எழுத்து வரிக்கு வெட்டி முடித்த பிறகும் துப்பு புரிந்தால் ரோம், புரியாவிட்டால் கோடோ. பின்னோக்கு வசதி இரண்டு பதிப்பிலும் இருக்கும். கல் அறையின் வரைபடத்தை இங்கே போடுகிறேன், எங்கே கல் சிக்குகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.