படகில் 12 வோல்றிலும் 230 வோல்றிலும் இயங்கும் குளிர்சாதனப் பெட்டியை எப்படி இணைப்பது?

வாழைச்சேனைப் படகுக்காரன்:

அண்ணன்மாருக்கு வணக்கம். எங்களுடையது வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பத்து, பன்னிரண்டு நாள் தங்கித் தொழில் செய்யும் பைபர் படகு. எங்கள் தண்டையலுக்கு (படகுத் தலைவருக்கு) நீரிழிவு இருப்பதால் அவருடைய இன்சுலினை ஒரு போத்தலுக்குள் போட்டு, மீனுக்கு ஏற்றும் ஐஸுக்குள் வைத்துக் கொண்டுபோவோம். போன பயணத்தில் அது ஐஸோடு ஒட்டிக் கிடந்து உறைந்துவிட்டது. உறைந்த இன்சுலினைப் போடக்கூடாது என்பதால் எறிந்துவிட்டு, பாதி வழியில் கரைக்குத் திரும்பினோம். அதனால் 12 வோல்ற் பற்றரியிலும், துறையில் கட்டியிருக்கும்போது எடுக்கும் 230 வோல்ற் கரை மின்சாரத்திலும் இயங்கும் சிறிய குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வாங்கியிருக்கிறோம்.

பற்றரி 12 வோல்ற், இயந்திர அறையில் இருக்கிறது. பெட்டி சுக்கான் அறையில் இருக்கும். வயர் போகும் வழியை அளந்தால் 8 மீற்றர் வருகிறது. வயர் வேலைக்கு வந்தவர், வீட்டுக்குப் போடும் 7/0.67 வயரை இழுத்து, 13 அம்பியர் சொக்கெற் ஒன்றைப் பூட்டி, அதிலே 12 வோல்றைக் கொடுத்தால் போதும் என்கிறார். இது சரியா? பெட்டியின் இரண்டு வயர்களையும் ஒரே நேரத்தில் மாட்டி வைக்கலாமா?

கல்முனை மின்வினைஞர்:

தம்பி, அந்த 13 அம்பியர் சொக்கெற்றை மட்டும் பூட்ட விடாதீர்கள். உங்கள் படகில் கரை மின்சாரத்துக்கும் அதே சொக்கெற்தான் இருக்கும். இன்று 12 வோல்ற் பெட்டிக்கு அந்தப் பிளக்கைப் பூட்டினால், நாளை இருட்டில் ஒரு பொடியன் அதே பிளக்கை 230 வோல்ற் சொக்கெற்றில் செருகுவான். பெட்டியின் மின்பலகை கருகுவது ஒருபுறம், பைபர் படகில் தீப்பிடித்தால் நடுக்கடலில் ஓடுவதற்கு இடமில்லை. இரண்டு வோல்றளவுக்கும் ஒன்றுக்குள் ஒன்று நுழையவே முடியாத பிளக்குகள் இருக்க வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. நம் பழைய வீட்டு வயரிங்கில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல். பற்றரி வயரிங்கில் சிவப்பு நேர், கறுப்பு மறை. இரண்டும் ஒரே குழாய்க்குள் ஓடினால் பிறகு திருத்த வருபவர் சிவப்பைப் பற்றரி வயர் என்று தொட்டு 230 வோல்றை வாங்குவார். பற்றரி வயரைப் படகின் ஒரு பக்கமாகவும் 230 வோல்ற் வயரை மறுபக்கமாகவும் கொண்டுபோய், சுவிச் பலகைகளையும் தனித்தனியாக வையுங்கள்.

வயரின் பருமனைப் பார்ப்போம். 7/0.67 என்பது 2.5 சதுர மில்லிமீற்றர். போக 8, வர 8 என்று 16 மீற்றர் கணக்கு; பெட்டி 5 அம்பியர் இழுத்தால் வயரிலேயே 0.6 வோல்ற் அளவுக்குத் தொலைந்துவிடும். 230 வோல்றில் அது ஒன்றுமில்லை, 12 வோல்றில் நூற்றுக்கு ஐந்து. கொம்பிரசர் தொடங்கும் வேளையில் இழுவை இன்னும் கூடும். 10 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு 0.15 வோல்றுக்குள் அடங்கும். நேர் வயரில், பற்றரியிலிருந்து 20 சென்ரிமீற்றருக்குள், பெட்டியின் கைந்நூலில் சொன்ன அளவு பியூஸைப் போடுங்கள்; இந்த வகைப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் 15 அம்பியர். பியூஸைக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால், இடையில் உரசிப் பழுதான வயரை அது காப்பாற்றாது.

ஒலுவில் துறையான்:

கல்முனைக் காக்கா (அண்ணன்) சொன்ன வோல்ற் இழப்பை நான் பட்டறிந்திருக்கிறேன். எங்கள் பெட்டி பகலில் நன்றாக ஓடும், விடியப்புறத்தில் தானாக நின்றுவிடும். பற்றரியில் 12.2 காட்டிய மீற்றர் பெட்டியின் முனையில் 10.9 காட்டியது, கொம்பிரசர் தொடங்கும் நொடியில் அதற்கும் கீழே போக, பற்றரி இறங்கிப்போகாமல் காக்கப் பெட்டிக்குள் இருக்கும் வெட்டு அதை நிறுத்திக்கொண்டிருந்தது. வயரின் உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு ஒரு சாண் நீளத்துக்குக் கரிபோல் கறுத்து, விரலால் தேய்த்தால் தூளாக உதிர்ந்தது. உப்புக் காற்று வயரின் முனை வழியாக உள்ளே ஏறியிருந்தது. வெள்ளீயம் பூசிய, மெல்லிய இழைகள் கொண்ட வயரையே வாங்குங்கள். முறுக்கி ரேப் சுற்றும் வேலை வேண்டாம், முனைகளை நசுக்கிப் பூட்டி, பசையுள்ள சுருங்கு உறையால் மூடுங்கள்.

மின்சாரம் மிஞ்சும்போது தானே துண்டிக்கும் வீட்டு ட்ரிப் சுவிச்சை 12 வோல்றுப் பக்கத்துக்குப் போடாதீர்கள். கரை மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொடுவதால் சுவிச் துண்டிக்கும்போது எழும் பொறி தானே அணையும். பற்றரி மின்சாரத்துக்கு அந்த ஓய்வு இல்லை. நேரோட்டத்துக்கென்று (DC) எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

வாழைச்சேனைப் படகுக்காரன்:

நன்றி அண்ணன். கடலில் இன்வேர்ட்டர் மூலம் 230 வோல்றிலேயே ஓட்டிவிட்டால் என்ன என்று தண்டையல் கேட்கிறார்.

கல்முனை மின்வினைஞர்:

12 வோல்றை 230 ஆக்கி, பெட்டிக்குள் அதை மறுபடி இறக்குவது பற்றரியை வீணாக்கும் வேலை. மலிவான இன்வேர்ட்டரின் அலை இந்த மின்பலகைகளுக்கு ஒத்துவருவதும் இல்லை. கடலில் நேரே 12 வோல்ற் போதும்.

இரண்டு வயரையும் ஒன்றாக மாட்டலாமா என்பதற்குக் கைந்நூல்தான் பதில். இரண்டும் இருந்தால் கரை மின்சாரத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் பெட்டிகள் உண்டு. அப்படி எழுதியிருக்காவிட்டால் ஒன்றைக் கழற்றிய பிறகே மற்றதை மாட்டுங்கள். இன்வேர்ட்டர், கரை மின்சாரம் இரண்டும் ஒரே சொக்கெற்றுக்கு வருவதானால், நடுவில் பூச்சியம் (இரண்டும் துண்டித்திருக்கும் நிலை) உள்ள மாற்றுச் சுவிச் கட்டாயம். இரண்டும் ஒருகணம் சந்தித்தாலும் இன்வேர்ட்டர் போய்விடும்.

கரை வயர் படகுக்குள் நுழையும் இடத்திலேயே, லைனையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் கசிவு ட்ரிப் சுவிச் இருக்கட்டும். படகுக்குள் நியூட்ரலையும் ஏர்த்தையும் சேர்க்க வேண்டாம். புரொப்பல்லர் அரிக்கிறது என்று சிலர் ஏர்த் வயரை வெட்டிவிடுகிறார்கள். அரிப்பைத் தடுக்கக் கல்வனிக் தடுப்பான் என்று தனிக் கருவி இருக்கிறது, ஏர்த் வெட்டப்பட்ட படகில் கசிவு வந்தால் ஈரக் காலோடு நிற்பவர் உடம்புதான் ஏர்த். வயரை மாட்டும்போது முதலில் படகுப் பக்கம், பிறகு கரைப் பக்கம். கழற்றும்போது முதலில் கரைப் பக்கம்.

வாழைச்சேனைப் படகுக்காரன்:

10 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்து, பியூஸைப் பற்றரிக்குப் பக்கத்தில் பூட்டிவிட்டோம். கொம்பிரசர் ஓடும்போது பற்றரியில் 12.6, பெட்டியில் 12.4 காட்டுகிறது. இன்சுலின் குளிர்த்தகட்டில் முட்டாதபடி நடுத்தட்டில், ஒரு வெப்பமானியோடு வைத்திருக்கிறோம். இரவு முழுக்க 4, 5 பாகையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறோம்.